குக்கர் டாங்கியை விட்டு இறங்கவில்லை

அவருக்குக் குக்கர் என்று பெயர் வைத்தது யார் என்று டாங்கி பழுது பார்க்கும் ஷெட்டில் கேட்டால், ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டுவார்கள். வைத்தவர் யாரோ, வைத்த பெயர் கச்சிதம். காலையில் வாசலில் அடையாள அட்டை கேட்கும் காவலாளியிடம் முதல் விசில். "தினம் பாக்குற மூஞ்சிதானே, வழியில மாத்திக்கிட்டா வந்தேன்?" டீ ஆறியிருந்தால் அடுத்தது. ஸ்பேனரை எடுத்தவன் எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அதற்கடுத்தது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் யாரும் கணக்கு வைப்பதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவர், ரேடியோவை அலறவிடும் எதிர்வீட்டுக்காரர், கழன்று விழுந்த சட்டைப் பொத்தான் என்று அவர் கோபத்துக்கு ஆள், பொருள் வித்தியாசம் கிடையாது.

கோபக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'உள்ளுக்குள் தங்கமான மனசு' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அந்த ஜோடனையெல்லாம் இங்கே வேண்டாம். இவருக்கு உள்ளேயும் கோபம்தான். அதில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. அந்த நியாயத்தை யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் சத்தம் காதை அடைத்துவிடும். 'குக்கர் எப்பவும் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வாலிப வயதில் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். அப்போது அந்த மாடல் புத்தம் புதுசு. படையிலிருந்து வெளியே வந்த பிறகு, அதே டாங்கிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கோளாறு சொல்லும் வேலை கிடைத்தது. அவருக்கு முட்டி தேய்ந்தது, டாங்கிக்குப் பல்சக்கரம் தேய்ந்தது. அவருக்குக் கண்ணாடி வந்தது, டாங்கிக்குப் பார்வைக் கண்ணாடி மங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வயதானார்கள். டாங்கி எங்கே திட்டியது என்று கேட்காதீர்கள். அதை ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

மனைவி நேர் எதிர். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் சண்டை போட்ட இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசுவது கல்யாணமான நாளிலிருந்து அவள் உத்தியோகம். தையல்காரர், மருந்துக்கடைக்காரர், மகள் படித்த பள்ளியின் டீச்சர் என்று ஊரில் பாதிப்பேருக்கு அவளைத் தெரிந்ததே இப்படித்தான். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவள் அவள். அந்தத் தம்பி படித்து, அதே பணிமனையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி ஷெட்டுக்கே பொறுப்பாளன் ஆகிவிட்டான். ஆக, வீட்டில் "மாமா" என்று கூப்பிடுகிறவன் ஷெட்டில் குக்கருக்கு மேலதிகாரி. அவன் எதிரே குக்கர் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார். அடக்கி வாசித்ததே வாசல் வரை கேட்கும் என்பது வேறு.

அப்படியிருக்கும்போதுதான் பழைய டாங்கிகளைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. புதுசு வாங்க வழியில்லை, பழசைத் தூக்கிப் போட மனசில்லை. கிழவனுக்குக் கண் ஆபரேஷன் செய்து, பல் கட்டி, முடிக்குச் சாயம் அடித்து மறுபடியும் மாப்பிள்ளை ஆக்குகிற வேலை. இருட்டிலும் ஆள் சூட்டைப் பார்க்கிற புதுக் கருவி. எஞ்சினுக்குக் கணினி. கண்ணிவெடி தாங்க அடிவயிற்றில் தடித்த தகடு. எதிரி குண்டு பட்டால் தாங்கிக்கொள்ள முன்பக்கம் வரிசையாகக் கவசப் பெட்டிகள்.

இந்தப் பெட்டிகளைப் பொருத்துவது டாங்கியின் மேல்பாதியில். பீரங்கியோடு சேர்ந்து சுழல்கிற அந்த இரும்பு மண்டையை ஷெட்டில் 'தலை' என்பார்கள். ஓட்டுநர் உட்காருவது தலைக்குள் இல்லை. கீழே, முன்பக்கம், தலைக்குத் தாடை மாதிரியான இடத்தில் ஒரு குழி. அவர் ஏறி இறங்க நெற்றிக்கு மேலே ஒரு இரும்பு மூடி. தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளினால் திறக்கும்.

ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. டாங்கி உள்ளே வந்ததும் முதல் காரியமாகத் தலையைப் பின்பக்கம் திருப்பிப் பூட்டிவிடுவார்கள். ஷெட் நீளம் போதாது. பீரங்கிக்குழல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால் கதவை மூட முடியாது, கிரேன் போக வழியிருக்காது, போகிறவர் வருகிறவர் மண்டையை இடித்துக்கொள்வார்கள். அதனால் தலை பின்னால். வெல்டிங், ஒயரிங், சோதனை, மேலதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டுவது எல்லாமே தலை பின்னால் திரும்பிய டாங்கியில்தான். குக்கர் ஷெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வண்டியை ஓட்டுவதும் அப்படியே. சண்டைக்குப் போகிற டாங்கி தலையை முன்னால் வைத்துக்கொண்டுதான் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் அது தோன்றவில்லை. பழக்கம் என்றால் அப்படித்தான் ஆகும்.

முதல் டாங்கி முடிந்து, பின்னால் இருக்கிற மண் திடலில் முழு ஓட்டம் பார்க்கும் நாள் வந்தது. பின்னால் படையிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், அதற்கு முன் போருக்குப் போகிற நிலையிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குக்கர் ஏறிக் குழியில் உட்கார்ந்து மூடியைச் சாத்திக்கொண்டார். மேலே தலைக்குள் ஒயரிங் பார்க்கிற கண்ணாடி உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்டவர் என்பதால் அந்தப் பெயர். அவர் பொத்தானை அழுத்த, தலை மெதுவாக முன்னால் திரும்பி நின்றது.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. புது எஞ்சின் இழுத்த இழுப்பில் குக்கருக்கே முகத்தில் கொஞ்சம் சிரிப்பு. சகதிப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கணினிப் பெட்டி என்ன நினைத்ததோ, எல்லாம் ஒரேயடியாகச் செத்தது. எஞ்சின் நின்றது. விளக்கு அணைந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது, அதன் பின்னாலேயே புகை வந்தது.

"அண்ணே, இறங்குங்க, ஒயர் எரியுது" என்று கத்திவிட்டுக் கண்ணாடி மேல்வழியாகக் குதித்துவிட்டார். குக்கர் மூடியைத் தூக்கினார். இரண்டு விரல் உயரம் தூக்கியது. அதற்குமேல் எதன்மீதோ இடித்து நின்றது. சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்து முட்டினார். டொம் என்று இடித்து அதே இடத்தில் நின்றது. அந்த இடுக்கு வழியாகப் பார்த்தபோது, புதுக் கவசப் பெட்டியின் அடிவிளிம்பு மூடியின்மேல் கவிந்திருப்பது தெரிந்தது.

முன்பெல்லாம் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன வழி இருந்தது. இப்போது கண்ணிவெடிக்கு என்று அடித்த தகடு அதை அடைத்திருந்தது. தலைக்குள் ஊர்ந்து போகலாம் என்றால், தலை முன்னால் பார்த்து நிற்கும்போது நடுவில் இரும்புச் சுவர். உள்ளே இருந்து தலையைத் திருப்ப அவர் கைக்கு எதுவும் எட்டாது. மூன்று வழி இருந்த இடத்தில் ஒரு வழியும் இல்லை. அவர் இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு கத்தினார்.

வெளியே எல்லோருக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது. "ஒயர் போட்டவனைத் திட்டுறாரு" என்றார் ஒருவர். "இன்னைக்கு விசில் நிக்காது" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கத்தல் நின்று இருமல் கேட்ட பிறகுதான் கண்ணாடிக்குச் சுருக்கென்றது. அவர் மறுபடி மேலே ஏறிக் குதித்து, புகைக்குள் தடவித் தடவிக் கைப்பிடியைப் பிடித்துத் தலையைச் சுற்ற ஆரம்பித்தார். கையால் சுற்றினால் அது ஆமை வேகம். தலை ஒரு பக்கமாக நகர்ந்து பெட்டி விலகியதும் மூடி திறந்தது. குக்கர் வெளியே வந்து சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் அவர் கத்துவார் என்று காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. எழுந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய், குளித்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் குளித்தார். மனைவி கேட்டதற்கு "தூசி" என்றார். அன்று வீட்டில் ஒரு சத்தமில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் இப்படி ஒரு சாயங்காலம் கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சேர்த்து வைத்ததெல்லாம் மறுநாள் மைத்துனன் அறையில் வெடித்தது. வடிவமைப்புப் பொறியாளரும் இருந்தார். டிசைன் மேடம் என்பார்கள். அளந்து பேசுகிறவர், அளந்துதான் எதையும் செய்கிறவர்.

"உள்ள இருக்கிறவன் மனுஷனா, மூட்டையா? சாத்தி சீல் வச்சு அனுப்புறதுக்கு?" என்று ஆரம்பித்த குக்கர் மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் மேடம் பேசினார்.

"அவர் சொல்றது சரி. வரைபடத்துல பெட்டி இன்னும் மேலதான் இருக்கு. போல்ட் முடுக்கக் கை போகலைன்னு வெல்டிங்ல கேட்டாங்க, ஒரு ஜாண் கீழ இறக்கிக்கச் சொன்னேன். கையெழுத்து என்னோடது. இறக்கினதும் நானே ஷெட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். நல்லாத் திறந்துச்சு."

"தலை எங்க இருந்துச்சு மேடம்?" என்றார் குக்கர்.

"பின்னால."

அந்த அறையில் இருந்த மூன்று பேருமே அந்த மூடியை வெவ்வேறு நாளில் திறந்து பார்த்துத் திருப்தி அடைந்தவர்கள்தான். குக்கரும் சேர்த்துத்தான்.

"பெட்டியைப் பிடிச்சிருக்கிற தாங்கிகளை வெட்டி மேல தூக்கி வெல்டிங் பண்ணணும்" என்றார் மேடம். "எல்லா வண்டிக்கும். வண்டிகளைப் படைக்குக் கொடுக்கிற விழா தள்ளிப் போகும். நேத்தே மேல பேசிட்டேன். முதல்ல விழா முடியட்டும், வண்டி படைக்குப் போகட்டும், இதை ரெண்டாம் கட்டத்துல சேர்த்துக்கலாம்னு சொல்றாங்க."

இரண்டாம் கட்டம் என்பது என்ன என்று அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கட்டத்தில் செய்ய மனமில்லாததையெல்லாம் தூக்கிப் போடுகிற பரண் அது. போட்டது எதுவும் அங்கிருந்து இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"அதுவரைக்கும் டிரைவர் கண்ணுல படுற மாதிரி ஒரு அறிவிப்புத் தகடு அடிச்சிரலாம் மாமா" என்றான் மைத்துனன். "இறங்கும் முன் தலையைப் பக்கவாட்டில் திருப்பவும்னு."

"திருப்புறது யாரு? மேல இருக்கிறவன். அவன் செத்துக் கிடந்தா? கரண்ட் போயிருந்தா? புகையில தகட்டைப் படிச்சுக்கிட்டே சாகச் சொல்றியா?"

"கத்தாதீங்க மாமா. ஒரு வண்டி, ஒரு தடவை. நீங்கதான் நல்லா இருக்கீங்களே."

அந்த வார்த்தை குக்கருக்கு எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல முடியாது. அவர் மேசையில் இருந்ததையெல்லாம் தட்டிவிட்டு வெளியே வந்தார். அடுத்த நாட்களில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னார். வெல்டிங்கில் சொன்னார், கேன்டீனில் சொன்னார், பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். போன வாரம் டீக்காகக் கத்தியதும் இதே தொண்டைதானே. அவர்கள்மேல் கோபப்படுவதா, தன்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் அவர் இரண்டு பக்கமும் கோபப்பட்டார்.

விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று முடிவானது. புதுக் கருவிகளோடு விழாவில் ஓட்டிக் காட்டும் அளவுக்குப் படையின் ஓட்டுநர்களுக்கு இன்னும் கை பழகவில்லை. குக்கர்தான் ஓட்ட வேண்டும். மைத்துனன் ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தான். பீரங்கியை முன்னால் நீட்டிக்கொண்டு டாங்கி மேடைக்கு எதிரே வந்து நிற்கும். தலை பின்னால் இருந்தால் படத்துக்கு நன்றாக இராது. நின்றதும் அமைச்சருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி தலை மெல்ல இடப்பக்கம் திரும்பும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் சாக்கில் பெட்டி விலக, குக்கர் இறங்கி வந்து வரிசையில் நின்றுகொள்ளலாம். ஒரு ஆளைக் கொல்லக்கூடிய குறையை மரியாதையாக மாற்றிவிட்டான் பாருங்கள். இந்த மூளையில் கால்வாசியை அந்தத் தாங்கியை வெட்டச் செலவு செய்திருந்தால் வேலையே முடிந்திருக்கும்.

ஆனால் மாமாவின் வாய்க்கு அவனிடம் வழி இல்லை. அதற்கு அக்காவிடம் போனான். விழா நல்லபடியாக முடிந்தால் அவனுக்குத் தலைமை அலுவலகத்தில் இடம் நிச்சயம் என்று பேச்சு இருந்தது. அவன் போன பிறகு அவள் கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

"கேளு."

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. யாரு என்ன கேட்டாலும். என் தம்பிக்காக இல்ல, எனக்காக."

"அந்த மூடி..."

"எந்த மூடியோ எனக்குத் தெரியாது. அதான் அப்புறமாச் சரி பண்ணுறாங்களாமே. எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு. நேத்து போல்ட்டு, முந்தாநாள் பெயிண்ட்டு. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

அப்போது அவர் சொல்லியிருக்கலாம். புகையைப் பற்றி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு விரல் இடுக்கில் உதட்டை ஒட்டிக்கொண்டு காற்றை உறிஞ்சினேன் என்று சொல்லியிருக்கலாம். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், வெளியே சிரித்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். கோபப்படுவது அவருக்குச் சுலபம். பயந்தேன் என்று சொல்லத்தான் வரவில்லை. "சரி, திறக்கல" என்றார். அவள் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விழா நாளில் வெயில் சுள்ளென்று அடித்தது. திடலில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. புதுப் பெயிண்ட் பளபளக்க டாங்கி வந்தது. சகதிப் பள்ளத்தில் இறங்கி ஏறியது, திரும்பியது, வேகம் பிடித்தது, சொன்ன கோட்டில் சொன்னபடி நின்றது. பந்தலில் கைதட்டல். குக்கர் பார்வைக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலுக்குப் பக்கத்தில் வண்டிகளை எடுத்துப் போக வந்த படை ஓட்டுநர்கள் வரிசையாக நின்றார்கள். சின்ன வயசு. ஒருவன் கொட்டாவியை அடக்கப் பார்த்து முடியாமல் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான். இன்னொருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். இன்று சாயங்காலம் இவர்கள்தான் இந்தக் குழிகளில் உட்காரப் போகிறார்கள்.

குக்கர் கையை நீட்டி மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்சை அணைத்தார்.

ஒலிபெருக்கி, "இப்போது நமது டாங்கி மாண்புமிகு அமைச்சருக்கு வணக்கம் செலுத்தும்" என்றது. தலை அசையவில்லை. ஒலிபெருக்கி இன்னொரு தடவை சொன்னது. டாங்கிக்கு மரியாதை தெரியவில்லை. மேலிருந்து கண்ணாடியும் படைத்தரப்பில் வந்த இன்னொருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கி, ஒத்திகை பார்த்தபடி டாங்கிக்கு முன்னால் நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கான இடம் காலியாக இருந்தது.

அப்போது மூடி இரண்டு விரல் தூக்கியது. டொம். கீழே இறங்கியது. மறுபடி தூக்கியது. டொம். ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டதால் அந்தச் சத்தம் பந்தலின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. உள்ளேயிருந்து ஒரு பேச்சு இல்லை, ஒரு திட்டு இல்லை. ஷெட் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குக்கர் கத்தினால் அவர்களுக்குப் பழக்கம். கத்தாத குக்கரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மைத்துனன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து இடுக்கில் குனிந்தான். "மாமா, என்ன இது, மானம் போகுது, சுவிட்சைப் போடுங்க." டொம். "மாமா, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்." டொம்.

படையின் மூத்த அதிகாரி நிதானமாக நடந்து வந்தார். மூடியும் பெட்டியும் இடிக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். இடுக்கில் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "தலையை எப்பவும் முன்னால வச்சுத்தானே நாங்க ஓட்டுவோம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடி ஏறிப் போய்க் கையால் சுற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆமை வேகத்தில் தலை திரும்பியது. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மூடி திறந்தது. குக்கர் இறங்கி வந்து காலியாக இருந்த இடத்தில் விறைப்பாக நின்றார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் அமைச்சர். குக்கர் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"எங்க வேலையில தப்பு ஐயா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டிசைன் மேடம். "தலை முன்னால இருந்தா டிரைவர் வெளிய வர முடியாது. எல்லா வண்டியிலயும் இதேதான். எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அதிகாரி ஒரு வண்டியையும் எடுத்துக்கொள்ளாமல் தன் ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு போனார். தாங்கிகளை வெட்டச் சொல்லி அன்றே உத்தரவானது. குக்கரை, மறுபடி கூப்பிடும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதையும் அவர் வாயைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மைத்துனன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உன் புருஷன் என் பொழப்பையே முடிச்சுட்டாரு. ஊரைக் கூட்டி வச்சு என் மூஞ்சில கரி பூசிட்டாரு. இனி தலைமை அலுவலகம் வாசப்படியைக்கூட நான் மிதிக்க முடியாது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள், அழுகிற குரலில்.

"எங்க திறந்தாரு? திறந்து ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. எப்பவும் போலக் கத்துறாருன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். உள்ளயே உக்காந்துக்கிட்டாருக்கா. மூடி திறக்காது, வர முடியாதுன்னு எல்லாரும் பாக்கட்டும்னு உக்காந்துக்கிட்டாரு. அன்னைக்குப் புகையில மாட்டினப்ப நாங்கதானே சுத்தி வெளிய எடுத்தோம்? அப்பவும் ஒண்ணும் ஆகலையே. அந்த நன்றிகூட இல்ல."

"எந்தப் புகை?" என்றாள் அவள்.

அவன் நிறுத்தினான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அது... ஓட்டிப் பாத்த அன்னைக்கு. சின்னதா ஒயர் கருகிச்சு. கொஞ்ச நேரம்தான். இருமிக்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான்."

அவள் அவனை விட்டுவிட்டுக் கணவரிடம் திரும்பினாள். "அன்னைக்கா? ரெண்டு தடவை குளிச்சீங்களே, அன்னைக்கா?" அவர் தலையை மட்டும் அசைத்தார். "அய்யோ, சத்தமில்லாம இருக்கீங்களேன்னு நான் சந்தோஷப்பட்டேனே."

பிறகு தம்பியிடம் திரும்பினாள். அந்தக் குரல் அவளிடம் இருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

"அந்த மூடி திறக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அக்கா, அது வந்து..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே இவரை அதுக்குள்ள உக்கார வச்சு இன்னைக்கு ஓட்டவிட்ட. அதே பள்ளத்துல இறக்கி ஏத்தின. இன்னைக்கு அவரு நிறுத்தினாரு. தானா நின்னிருந்தா? மறுபடியும் புகைஞ்சிருந்தா?"

"ஆள்தான் பக்கத்துலயே நின்னோமேக்கா."

"அன்னைக்கும்தான் நின்னீங்க." அவள் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "உனக்குச் சோறு ஊட்டின கைடா இது. அதே கையால இவரு வாயைப் பொத்தி, போயி உக்காருங்கன்னு நான் அனுப்பினேன். எனக்காகன்னு சொல்லி அனுப்பினேன். என்னைக் கேக்க வச்சது நீ. தெரிஞ்சுக்கிட்டே கேக்க வச்ச."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. வெளியே எதிர்வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். தெருவில் போனவர்கள் இது யார் குரல் என்று நின்று பார்த்தார்கள். குக்கர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "போதும் விடு, தெருவே பாக்குது" என்றார்.

"பாக்கட்டும்" என்று சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டாள். "உங்ககிட்டயும் இருக்கு எனக்கு. உக்காருங்க. இவனை முடிச்சுட்டு வரேன்."

அவர் உட்கார்ந்தார்.